வழங்கல்: லினக்ஸும் சித்தூர் எல்லையின் இரு மொழிகளும்

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பு வெறும் கெர்னல் மட்டுமே. அதைக் கொண்டு ஒரு கடிதம்கூடத் தட்டச்சிட இயலாது. தொகுப்பி, கட்டளைக் கருவிகள் அனைத்தையும் பயனரே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அச்சுமையைக் குறைக்கப் பிறந்ததே ‘டிஸ்ட்ரிபியூஷன்’. தமிழ்க் கணிமையாளர் அதனை ‘வழங்கல்’ என்றனர். ‘வழங்கு’ என்னும் வினைக்குக் கொடுத்தல், புழக்கத்தில் இருத்தல் என இரு பொருள்கள் உண்டு. முன்னது எளிது, பின்னதே கடினம் என்பதைத் தொடக்க ஆண்டுகளின் வரலாறு காட்டுகிறது.

1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணிப்பு மையத்தின் ஓவன் லெ பிளாங்க் வெளியிட்ட எம்.சி.சி. இன்டெரிம் முதல் வழங்கல்களுள் ஒன்று. அதே ஆண்டில் பீட்டர் மெக்டொனால்டின் எஸ்.எல்.எஸ். எக்ஸ் சாளர முறைமையையும் உள்ளடக்கி வந்து விரைந்து பரவியது. ஆனால் அதன் பிழைகளைக் களைய ஆளில்லை. அதைத் திருத்தப் புகுந்த பாட்ரிக் வோல்கர்டிங்கின் பணி 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் ஆயிற்று. அடுத்த மாதமே இயான் மர்டாக் டெபியனை அறிவித்தார். தொகுப்பது ஒருநாள் வேலையன்று, பராமரிப்பது தொடர்பொறுப்பு என்பதே அவர் அறிக்கையின் சாரம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற டெபியனின் ஏற்பாடு, எந்தத் தொழில்நுட்பத்தையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு எனலாம்.

லினக்ஸ் பிறந்த அதே 1991இல் யூனிக்கோடு 1.0 வெளிவந்தது. அதில் தமிழுக்கு அடுத்த கட்டமே தெலுங்கு; சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மொழி வரைபடத்தைப் போல. எனினும் அட்டவணையில் இடம்பெறுவது வேறு, திரையில் தோன்றுவது வேறு. புள்ளியிட்டு மெய்களை வரிசையாக எழுதும் தமிழ், டிஸ்கி போன்ற 8 பிட் குறியாக்கத்தில் ஒருவாறு அடங்கிற்று. மெய்யின்கீழ் மெய்யை அடுக்கும் தெலுங்கு, பாங்கோ போன்ற எழுத்துருவாக்க நிரலகங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் ஐதராபாத்தில் ‘ஸ்வேச்சா’ தெலுங்கு வழங்கலை முன்னெடுத்தது. சென்னையில் சி-டாக் டெபியனை அடித்தளமாகக் கொண்டு ‘பாஸ்’ வழங்கலை உருவாக்கியது. அதில் இரு மொழிகளும் உண்டு.

1960 ஏப்ரலில் நடைபெற்ற எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நீடித்தன. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் புழங்கும் குடும்பங்கள் அங்கு இன்றும் உள்ளன. அவர்களுக்கு உரிய வசதி லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மொழியமைப்பு மொழியையும் நாட்டையும் மட்டுமே குறிக்கும், மாநிலத்தைக் குறிப்பதில்லை. ஆகவே சித்தூர்த் தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் ஒரே குறியீடு. க்னூ கெட்டெக்ஸ்ட் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை முன்னுரிமை வரிசையில் ஏற்கும்: தமிழில் மொழிபெயர்க்கப்படாத தொடரை ஆங்கிலத்துக்குச் செல்லுமுன் தெலுங்கில் காட்டும். டெபியன் நிறுவியோ வழக்கமாக ஒரே மொழியைத்தான் கேட்கிறது.