மயில் கழுத்து நிறம்

போடிநாயக்கனூர் நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால், மயில் கழுத்தை உடைத்து அடுக்கினாற்போல நீலக் கட்டிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். செம்பும் கந்தகத் திராவகமும் கூடிப் பிறந்த உப்பு அது. எனக்கு அந்த நிறத்தின் மேல் தீராத மோகம்.

கடைச் சரக்கு ஆலையில் செய்தது. ஆனால் சிலி போன்ற வறண்ட நாடுகளின் செம்புச் சுரங்கங்களில் அது தானாகவும் விளையும். சால்காந்தைட், அதாவது செம்புப் பூ என்று கிரேக்கச் சொற்களால் பெயர் வைத்திருக்கிறார்கள். கல் சேகரிப்பவர்களைப் படாதபாடு படுத்தும் பூ! நகத்தளவுதான் கடினம். நீர் பட்டால் கரையும். வறண்ட காற்றில் வெளுத்துப் பொடியாகும். தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கலாகாது, விஷம்.

இந்த விஷமே ஏலமலைக்குக் காவல் என்றால் வியப்பாயில்லையா?

1882-ஆம் வருஷம். பிரான்சில் அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சை நோயால் திராட்சைக் கொடிகள் இலையுதிர்ந்து நின்றன. மெடாக் வட்டாரத்தில் பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருப்பதை போர்தோ பேராசிரியர் மில்லார்தே கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, அவற்றில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். திருடனுக்குப் போட்ட வேலி நோயையும் தடுத்துவிட்டது! சோதித்துப் பார்த்து 1885-ல் உலகுக்குச் சொன்னார். அதுவே போர்தோ கலவை. 1869-லேயே இலைத்துரு நோய் புகுந்த இலங்கைக் காப்பித் தோட்டங்கள் அதற்குள் பாழாகிவிட்டன. அங்கே பிழைக்கப் போன நம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போடிமெட்டைத் தாண்டினால் ஏலமலை. தென்மேற்குப் பருவமழையில் ஏலக்காய்கள் செடியிலேயே அழுகும். அந்த நோய்க்கு ஆங்கில விஞ்ஞான நூல்களிலும் 'அழுகல்' என்றே பெயர். மழைக்கு முன்பே 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்று கலந்து தெளிக்கிறார்கள்.

இரும்புப் பாத்திரம் உதவாது. துத்தம் அதை அரித்துவிடும். துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். பளபளக்கும் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலை கருகும்.

இலைக்கு இவ்வளவு ஜாக்கிரதை! வாளியைக் கலக்கும் கைக்கு? கையுறை போட்டிருக்கிறதா, கண்ணில் தெறிக்காமலிருக்கிறதா? மண்ணையும் நினைக்க வேண்டும். தெளித்த செம்பு எங்கும் போய்விடுவதில்லை. வருஷா வருஷம் மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய திராட்சைத் தோட்டங்களின் மண் அதற்குச் சாட்சி. ஏலக்காயின் விலையைப் பேசும் வியாபாரிகள் போடியில் அநேகர். அந்தக் கைகளையும் மண்ணையும் அவர்கள் கணக்கில் சேர்த்தால்தான் விலை நியாயமாகும்.