உடைந்தது போலத் தெரிந்த ஒரு நுனி

1943-இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது அதிலிருந்துதான். இங்கிலாந்தில் மார்ட்டினும் ஜூலியா பெல்லும், ஒரே குடும்பத்தில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே அறிவு வளர்ச்சி குறைந்திருப்பதை எழுதினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது 1980களில்தான் தெரிந்தது!

இடையில் நடந்த கதை சுவாரசியமானது. 1969-இல் ஹெர்பர்ட் லப்ஸ் என்பவர் எக்ஸ் குரோமோசோமின் நுனி உடைந்து தொங்குவது போல இருப்பதைக் கண்டார். மற்ற ஆய்வகங்களில் அது சரியாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் கிராண்ட் சதர்லேண்ட் மெல்போர்னில் பார்த்த உடைசல், அடிலெய்டுக்கு மாறியதும் காணாமல் போனது. செல் வளர்க்கும் திரவம் வேறாக இருந்ததே காரணம் என்று 1977-இல் எழுதினார். அந்தக் குறைபாடுதான் ஃப்ராஜைல் எக்ஸ்.

1991-இல் மரபணு பிடிபட்டது. லெட்ஜரில் ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டது மாதிரி, மூன்று எழுத்துகள் 200 தடவைக்கு மேல் வந்துவிட்டால் அந்த மரபணு வேலையை நிறுத்திவிடும்.

இந்தப் பையன்களில் பலருக்கு ஆட்டிசமும் இருக்கும். கண்ணைப் பார்க்க மாட்டான், கையை உதறுவான், கடிப்பான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டே கை குலுக்க நீட்டுவான்! ஆளைப் பிடிக்காமல் இல்லை, பதற்றம். "வெட்கப்படுறான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். என்னைப் பார் என்று முகத்தைப் பிடித்துத் திருப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லி, கெட்டிமேளச் சத்தத்திலிருந்து தள்ளி உட்கார வைக்கலாம்.

ஆட்டிசத்தைத் தனியாகக் கண்டறிவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழே வகைகள், ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைகள், ஆட்டிசம் உண்டு. ஃப்ராஜைல் எக்ஸ் பெயர் இல்லை. ஆக, சான்றிதழ் ஆட்டிசம் அல்லது அறிவுசார் குறைபாடு என்ற பெயரில்தான் கிடைக்கும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய திட்டத்தில் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசமாகப் பரிசோதித்து மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். பூதலூரிலிருந்து தஞ்சாவூர் ரயிலில் கொஞ்ச நேரம்தான்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று இதைச் சொல்ல முடியாது. பழி பெரும்பாலும் அம்மா மேல் விழுகிறது. அவருக்கே அது தன் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். நன்றாக உழுது விதைத்த தாத்தாவுக்கு அறுபதில் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம் வந்தால் வயசு என்று விட்டுவிடுவோம். அதே மரபணுவாலும் அது வரலாம் என்பது 2001-இல்தான் தெரிந்தது. அப்படியிருந்தால் அவருடைய எல்லா மகள்களிடமும் அது இருக்கும், மகன்களிடம் இருக்காது. பேரனுக்கு இரத்தப் பரிசோதனையில் உறுதியானதும், சித்தி பெரியம்மாக்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.