டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே வந்த ஆண்டு

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் நிற்கும் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலைப் பற்றிய கட்டடக்கலை வரலாறுகள் பெரும்பாலும் 1951இல் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன. கோளாறு அங்கேதான்.

நகரத்தின் பெரிய இசையரங்கான குயின்ஸ் ஹால் 1941 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. போருக்குப் பின் வந்த லேபர் அரசு, 'பிரிட்டன் திருவிழா'வுக்காக, பழைய மதுவடிசாலையும் கிடங்குகளும் கிடந்த தென்கரையைத் தேர்ந்தது. லண்டன் கவுண்டி கவுன்சில், ராபர்ட் மேத்யூ, லெஸ்லி மார்ட்டின் என்று தன் சொந்தக் கட்டடக் கலைஞர்களை வைத்தே அரங்கைக் கட்டியது. ஒட்டினாற்போல் ரயில் பாலம். இரைச்சலிலிருந்து தப்பிக்க அரங்கைத் தூண்கள்மேல் தூக்கி வைத்தார்கள். பெட்டிக்குள் முட்டை என்பார்கள். முட்டைக்கு அடியிலும் சுற்றிலும் பிரம்மாண்டமான கூடம் ஒன்று கிடைத்தது. ரயிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் சர்ச்சில் ஆட்சிக்குத் திரும்பினார். திருவிழாக் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. நிரந்தரமாகக் கட்டிய ஹால் நின்றது. ஆனால் யாருக்காக நின்றது? உள்ளே ஒலி வறண்டிருக்கிறது என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அறுபதுகளில் மைக்கும் ஒலிபெருக்கியும் மறைத்துப் பொருத்தி நாதத்தை நீட்டிப் பார்த்தார்கள். இதைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. கீழே இருந்த கூடமோ பகலெல்லாம் பூட்டிக் கிடந்தது. மாலையில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் திறக்கும், அவ்வளவுதான். மக்கள் பணத்தில், மக்கள் பெயரால் கட்டிய இடம் 32 வருடம் அப்படித்தான் இருந்தது. கட்டடத்தின் வடிவம் ஜனநாயகமாக இருந்தால் போதும், பயன்பாடு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த 32ஐக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

1983இல் கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருநகர லண்டன் கவுன்சில் கதவுகளைப் பகல் முழுக்கத் திறந்துவிட்டது. ஒரு செங்கல் மாற்றவில்லை. வெறும் நிர்வாக முடிவு. ஓய்வூதியக்காரர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், மழைக்கு ஒதுங்கியவன், யார் வேண்டுமானாலும் சும்மா வந்து உட்காரலாம். கச்சேரி கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. என் கணக்கில் ஹால் திறக்கப்பட்ட ஆண்டு அதுதான்.

தாட்சர் அரசு 1986இல் அந்தக் கவுன்சிலையே கலைத்துப்போட்டது. கதவை மட்டும் திரும்பப் பூட்ட முடியவில்லை, ஜனங்கள் பழகிவிட்டிருந்தார்கள். 2005–07 புதுப்பிப்பில் ஆற்றுப்பக்கம் உணவகங்களும் கடைகளும் வரிசைகட்டின. காப்பி வாங்காதவன் எங்கே உட்காருவது என்பது இப்போது மேசைக்கு மேசை தீர்மானமாகிற விஷயம்.