பத்தாவதில் முதலிடம் பிடித்த பெரம்பலூர்: 6, 7, 8-ம் வகுப்பில்தான் இருக்கு சூட்சுமம்!

பெரம்பலூர்: தமிழ்நாட்டிலேயே மக்கள் தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். ஆனால் தேர்வு முடிவு வந்தால் பெரிய பெரிய மாவட்டங்களை எல்லாம் ஓரங்கட்டி விடுகிறது. 2022-ல் பிளஸ்-2 தேர்வில் 97.95 சதவீத தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம். 2023-ல் பத்தாம் வகுப்பில் 97.67 சதவீதம் பெற்று மறுபடியும் முதலிடம். அந்த வருஷம் மாநில சராசரி 91.39 சதவீதம்தான்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் இந்தக் கணக்கில் பரீட்சை எழுதின பிள்ளைகள் மட்டும்தான் இருக்காங்க. எட்டாவதோடு நின்றுபோன பிள்ளை இதில் வராது. அதனால் நடுநிலைப் பள்ளி நிலவரத்தையும் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மாவட்டம் ஒரு பார்வை

திருச்சி மாவட்டத்தில் இருந்து 1995-ல் பிரிந்தது பெரம்பலூர். 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாகப் போன பிறகு இன்னும் சின்னதாகி விட்டது. பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என மொத்தம் 4 ஒன்றியங்கள்தான்.

2011 கணக்கெடுப்புப்படி மக்கள் தொகை 5 லட்சத்து 65 ஆயிரத்து 223. ஆண்களை விட பெண்கள் கொஞ்சம் அதிகம். நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள். ஏறத்தாழ 31 சதவீதம் பேர் ஆதிதிராவிட மக்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்தான் இந்த மண்ணின் பிழைப்பு.

எழுத்தறிவு அப்போது 74.32 சதவீதம். மாநில சராசரியான 80.09-ஐ விட குறைவு. பெண்களில் 65.9 சதவீதம் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதாவது மூணு பெண்ணில் ஒருத்தருக்கு எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட மாவட்டம்தான் 11 வருஷம் கழித்து பிளஸ்-2 தேர்வில் முதலிடம் பிடித்தது. வெங்காயக் காட்டில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வாங்கின மார்க் அது.

எட்டாவது வரை எல்லோரும் பாஸ்

நடுநிலைப் பள்ளி என்பது 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பள்ளி. கிராமங்களில் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள்தான். 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி.

8-ம் வகுப்பு வரை யாரையும் பெயில் ஆக்குவதில்லை. 5, 8-ம் வகுப்புக்கு பொதுத்தேர்வு என்று 2019-ல் வந்த அறிவிப்பு 2020 பிப்ரவரியில் ரத்து ஆனது. மத்திய அரசு தன் பள்ளிகளில் 2024 டிசம்பரில் விதியை மாற்றியது. தமிழக அரசின் 2025 மாநிலக் கல்விக் கொள்கையோ எட்டாவது வரை எல்லோரும் பாஸ் என்பதையே உறுதி செய்தது.

பிள்ளை பயந்து பள்ளியை விட்டு ஓடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் 'பாஸ்' என்பதை வைத்து படிப்பை எடை போட முடியாது. வகுத்தல் கணக்கு தெரியாத பிள்ளையும் ஒன்பதாவதுக்கு போய்விடும். அங்கேதான் திணறும். அடிப்படையில் பின்தங்கிய 6 முதல் 9 வகுப்பு மாணவர்களுக்காக 2025-ல் 'திறன்' பயிற்சி தொடங்கப்பட்டதும் இதனால்தான்.

மாதம் ரூ.1,000 தரும் பரீட்சை

நடுநிலைப் பள்ளியின் தரத்தைப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் பிளஸ்-2 வரை ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம், மொத்தம் ரூ.48 ஆயிரம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். உங்க ஊர் பள்ளியில் எத்தனை பேர் எழுதினாங்க, எத்தனை பேர் தேர்வானாங்க என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்க.

ஆறாவதில் அவசரப்படாதீங்க

ஐந்தாவது முடிந்ததும் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்து விடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு விஷயம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதைப் பெற 6 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் இந்தக் கணக்கில் சேரும். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாவதில் இருந்துதான் கணக்கு பார்க்கின்றன. இவை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

நடுவில் ஒரே ஒரு வருஷம் கட்டணம் கட்டி தனியார் பள்ளிக்கு போனாலும் 7.5 சதவீத உரிமை போச்சு. கல்வி உரிமைச் சட்ட இலவச இடத்தில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதில் இருந்து அரசு பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வீட்டிலேயே சோதனை

பிள்ளையிடம் ஒரு பத்தி செய்தியைக் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. மூணு இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கச் சொல்லுங்க. ஆறாவது பிள்ளை இதில் தடுமாறினால் உடனே ஆசிரியரைப் பாருங்க. உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துக் கேளுங்க. இதில் வெட்கம் எதுவும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான். குழுவில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு கூப்பிட்டால் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு போங்க. ஆசிரியர் பணியிடம் காலியா, எட்டாவது முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதாவதில் சேர்ந்துட்டாங்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு பிள்ளை சேரவில்லை என்றாலும் பெயரைச் சொல்லி விசாரியுங்க.