சுவரில் கறுப்பு பூஞ்சை... குழந்தைகளுக்கு இழுப்பு! ஓதம் ஏறிய வீடுகளில் உஷார்

கடம்பத்தூர்:

திருவள்ளூர் மாவட்டம் கடம்பத்தூர் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்கு பின்னால் கறுப்பாக பூஞ்சை படர்ந்து விடுகிறது. பாய், தலையணை எல்லாம் முடை நாற்றம். கூடவே பிள்ளைகளுக்கு இருமல், இழுப்பு.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்த மாவட்டத்தில் தண்ணீர் புகுந்த வீடுகள் ஏராளம். வெள்ளம் வடிந்தாலும் சுவர் குடித்த தண்ணீர் லேசில் வடியாது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை முளைக்க தொடங்கிவிடும். காக்களூர், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள் காலையில் வீட்டை பூட்டினால் ராத்திரிதான் திறக்கிறார்கள். ஒரே அறையில் சமையல், துணி உலர்த்தல், தூக்கம். பூஞ்சைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

சுவரில் வெள்ளையாக பூத்திருந்தால் அது வெறும் உப்பாகவும் இருக்கலாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து பாருங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் முடை நாற்றம் அடித்தால் பூஞ்சை.

அந்த கருப்பு பூஞ்சை வேறு

2021-ல் கொரோனா 2-வது அலையின்போது மிரட்டிய ‘கருப்பு பூஞ்சை’ நோய்தான் சுவரில் இருப்பது என்று பலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களைத்தான் அந்த நோய் பெரும்பாலும் தாக்கியது. சுவர் பூஞ்சையின் நுண்துகள் மூச்சில் போனால் தும்மல், கண் எரிச்சல், வறட்டு இருமல் வரும். ஆஸ்துமா இருந்தால் முற்றும். காசநோய் வந்து நுரையீரல் பழுதானவர்களுக்கு உள்ளேயே பூஞ்சை வளரும் ஆபத்தும் உண்டு. ஊருக்கு போனால் இருமல் குறைகிறது, வீடு திரும்பினால் கூடுகிறது என்றால் வீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். இழுப்பு நிற்காவிட்டால் மெடிக்கல் ஷாப் சிரப்போடு நிறுத்தாமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவது நல்லது.

ஆசிட் கலக்காதீர்கள்!

சுத்தம் செய்யும்போது குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இருக்கக்கூடாது. மூக்கு, வாயை மாஸ்க்கால் மூடி, கையுறை போட்டு, ஜன்னல், கதவை திறந்து வையுங்கள். காய்ந்த பூஞ்சையை துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடு முழுக்க பறக்கும். ஈரத்துணியால் சோப்பு தண்ணீர் போட்டு தேய்த்து, நன்றாக காயவிட்டாலே போதும்.

பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை கலக்கவே கூடாது. அதில் குளோரின் விஷவாயு கிளம்பும். சின்ன பாத்ரூமுக்குள் இப்படி செய்தால் உயிருக்கே ஆபத்து.

பூஞ்சை ஏறிய பஞ்சு மெத்தை, தலையணையை பாவம் பார்க்காமல் தூக்கி போட வேண்டியதுதான். பொங்கலுக்கு மேலேயே சுண்ணாம்பு அடித்து மறைப்பது சுத்த வேஸ்ட். ஈரம் உள்ளே இருந்தால் ஒரே மாதத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். மொட்டைமாடி விரிசல், ஒழுகும் பைப்பை முதலில் அடைக்க வேண்டும். பீரோவை சுவரில் இருந்து 4 விரல் தள்ளி போடலாம்.

வாடகை வீடு என்றால்...

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் பூஞ்சை பிடித்த வாடகை வீட்டில் வளர்ந்த 2 வயது குழந்தை 2020-ல் மூச்சு கோளாறால் இறந்தது. பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் விசாரணையில் முடிவானது. அதன் பிறகு அங்கே சமூக வாடகை வீடுகளில் பூஞ்சை புகார்களை கெடுவுக்குள் சரிசெய்ய தனி சட்டமே வந்துவிட்டது.

நம்ம ஊரில் பூஞ்சைக்கென்று அப்படி ஒரு கெடு கிடையாது. ஆனால் 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகை சட்டப்படி கட்டிடத்தின் பெரிய ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வேறு மாதிரி பேசியிருந்தால் ஒப்பந்தத்தில் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வீடு பார்க்க போகும்போது காலண்டரை தூக்கி, பின்னால் உள்ள சுவரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.