ஒரே தெருவில் இரண்டு கம்பிகள்

சேரன்மகாதேவித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் வரும் 04634, அம்பாசமுத்திரத்தோடு சேர்ந்த குறியீடு. கிழக்கே இருக்கும் திருநெல்வேலிக்கோ 0462. எந்த ஊர் எந்த எக்ஸ்சேஞ்சோடு சேரும் என்பதைத் தொலைபேசித் துறை கோடு போட்டுப் பிரித்த காலத்தின் அடையாளம் அது. 1990களில் அதே தெருக்களுக்குள் இன்னொரு கம்பி நுழைந்தது. அதற்கு யாரும் வரைபடம் போட்டுத் தரவில்லை. மொட்டை மாடியில் ஒரு டிஷ், கீழே ஒரு சின்ன கண்ட்ரோல் ரூம், அங்கிருந்து வீடு வீடாக ஓடும் கறுப்பு வயர். அவ்வளவுதான் கேபிள் டிவி.

தொலைபேசிக் கம்பி வந்த வேகம் வேறு. விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாமலே இயங்கக்கூடிய 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கிய பிறகுதான் சிற்றூர்களுக்கு வழி திறந்தது. கடைத்தெருக்களில் எஸ்டிடி பூத்துகள் முளைத்தன. வீட்டில் போன் வைத்திருப்பது அப்போதும் பெரிய காரியமாகவே இருந்தது.

கேபிளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் தமிழ் வீடுகளுக்கு அதை வாங்க ஒரு காரணம் கிடைத்தது. ஊர்களின் அமைப்பும் கைகொடுத்தது. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எனத் தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் வரிசையாக இருக்கும் இந்த ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தொலைபேசி என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு ஜோடி செம்புக் கம்பி போக வேண்டும். கேபிளுக்கோ தெருவுக்கு ஒரு வயர் போதும். வழியில் இருக்கும் வீடுகளெல்லாம் அதிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். செலவில் இருந்த இந்த வித்தியாசமே கேபிள்காரரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது.

அந்த வயர் பேசவும் செய்திருக்கலாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், கேபிள் நிறுவனங்கள் தொலைபேசித் தொழிலிலும் தொலைபேசி நிறுவனங்கள் கேபிள் தொழிலிலும் இறங்கலாம் என்றது. அங்கே கேபிள் மோடம் தொலைபேசிக் கம்பியை முந்தியது. காம்காஸ்ட் போன்ற கேபிள் நிறுவனங்கள் போன் இணைப்பும் விற்றன. வெரைசன் வீடுவரை ஃபைபர் போட்டு 2005இல் டிவி விற்கத் தொடங்கியது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி ஆபரேட்டர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்தாலே தொழில் நடத்த முடிந்தது. ஆனால் 1999ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கை அவருக்கு ஒருவழிச் சேவையைத்தான் அனுமதித்தது. குரலோ தரவோ இருவழியாகப் போக வேண்டுமானால் தொலைபேசி நிறுவனம் வாங்கும் உரிமத்தையே அவரும் வாங்க வேண்டியிருந்தது. சில நூறு வீடுகளுக்கு வயர் இழுத்தவரால் அது ஆகிற காரியமா?

தொலைபேசிக் கம்பியின் பக்கமும் கதவு சாத்தியே இருந்தது. பி.எஸ்.என்.எல். தன் செம்புக் கம்பியை மற்ற நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதை ஏற்கவில்லை. 2010க்குள் 2 கோடி இணைப்புகள் என்று அந்தக் கொள்கை இலக்கு வைத்தது. எட்டியது ஏறத்தாழ பாதி.

2005 ஜனவரி 14 அன்று பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. வேகம் 256 கேபிபிஎஸ். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால், பதிவிறக்கத்துக்காகவே கண்விழித்த மாணவர்கள் அன்று நிறைய. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப்போக வேகம் விழும் என்பதால் ஊர்க் கோடி வீடுகளுக்கு அந்த வசதியும் அரைகுறைதான். கேபிள் வழி இணையத்தை ஹாத்வே போன்ற நிறுவனங்கள் சென்னை முதலிய பெருநகரங்களில் கொடுத்தன. சிற்றூர் ஆம்ப்ளிஃபயர்கள் ஒரு பக்கமாகவே அலையைத் தள்ளக்கூடியவை. மாற்றப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் சேர வழியில்லாமல் போனது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம் 2007இல் உருவாகி, திருநெல்வேலி உட்பட நான்கு இடங்களில் ஹெட்எண்ட் எனும் கேபிள் ஒளிபரப்பு மையம் அமைத்தது. 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்றபோது மாதச் சந்தா 70 ரூபாய். அதில் 20 ரூபாய் கழகத்துக்கு. பார்வையாளருக்கு அது பெரிய நிம்மதி, மறுக்க முடியாது. மீதி 50 ரூபாயில் வயர், ஆள் கூலி, கரண்ட் எல்லாம் பார்க்க வேண்டிய ஆபரேட்டர் இருவழி இணையத்தை எங்கே யோசிப்பார்?

2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ மொபைல் சேவை பி.எஸ்.என்.எல்.லையும் கேபிள்காரரையும் சேர்த்தே அடித்தது. செம்புக் கம்பி இணைப்புகள் அதற்கு முன்பே மொபைலால் சரிந்துகொண்டிருந்தன. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஏறத்தாழ 78,500 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். கம்பத்தில் ஏற லைன்மேன் இல்லை; கம்பம் கம்பமாக ஊரை அறிந்த கேபிள்காரருக்கோ வருமானம் இல்லை. இருவரும் சேர்ந்தார்கள். பி.எஸ்.என்.எல்.லின் பாரத் ஃபைபர் இணைப்பைப் பல ஊர்களில் கேபிள் ஆபரேட்டரே வீடுவரை இழுத்து, வருவாயில் பங்கு பெறுகிறார். ரயில்வே நிறுவனமான ரயில்டெல்லின் இணையச் சேவை ரயில்வயரும் உள்ளூர் ஆபரேட்டர்களை நம்பித்தான் வீடுகளை எட்டுகிறது. ஒன்றை மட்டும் இழந்தோம்: எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட் செம்புக் கம்பி வழியே வந்ததால் பழைய போன் மின்வெட்டிலும் வேலை செய்தது. ஃபைபர் மோடத்துக்கு வீட்டில் கரண்ட் இருந்தாக வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் கம்பி போட இடம் பெறுவதற்கான தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. பெரிய நிறுவனங்கள் தங்கள் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளும். கடைசி நூறு மீட்டரைச் சுமக்கும் ஆபரேட்டருக்கும் மின்கம்பத்தில் வயர் போட நியாயமான வாடகையில் எழுத்துபூர்வமான உரிமையும், எளிதில் முறிக்க முடியாத நீண்ட ஒப்பந்தமும் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். கால் நூற்றாண்டுக்கு முன் இருவழிச் சேவையை மறுத்த அரசு இதையாவது இப்போது கொடுக்கட்டும்.