அச்சு மாறிய வண்டிகள்

வண்டிக்கு உயிர்நிலை அச்சே என்பது மாட்டுவண்டிக் காலந்தொட்டுத் தமிழர் அறிந்த உண்மையாகும். நுகம் முறிந்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஊர் போய்ச் சேரலாம். அச்சு முறிந்த வண்டியோ முறிந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால், முறியாத அச்சைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, வேறொரு வண்டியின் அச்சமைப்பை அவ்விடத்தில் பொருத்திக்கொள்ளும் வழக்கம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. பழைய வண்டியை வாங்கி, அதன் பொறியையும் உறுப்புகளையும் மாற்றி, விரைந்தோடச் செய்வோர் அவ்வண்டியை 'ஹாட் ராட்' என்று அழைக்கின்றனர். பின்புறம் சுமை ஏற்றும் பழைய 'பிக்கப்' வண்டிகளும் இக்கூட்டத்தில் அடங்கும். முன்னச்சை மாற்றிய பின்னும் அது பழைய வண்டிதானா என்னும் வழக்கு அவர்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது.

இவ்வழக்கின் வேர் ஹென்றி ஃபோர்டு என்னும் மனிதரின் பிடிவாதத்தில் இருக்கிறது. 1908இல் வெளிவந்த 'மாடல் டி' வண்டியின் முன்புறத்தில், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டும், அதன் மேல் குறுக்காக ஒரு பட்டை வில்லும் அமைந்திருந்தன. கரடுமுரடான நாட்டுப்புறப் பாதைகளுக்கு அது மிகப் பொருத்தமான அமைப்பு. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வாறே செய்யப்பெற்றன. 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரு முன்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைத் தன் வண்டிகளில் புகுத்திய பிறகும் ஃபோர்டு அசையவில்லை. அவர் 1947இல் மறைந்தார். அவருடைய நிறுவனத்தின் கார்கள் 1949ஆம் ஆண்டு மாடலில்தான் ஒற்றைத் தண்டைக் கைவிட்டன. பிக்கப் வண்டிகளுக்கு அந்த மாற்றமும் அப்போது கிட்டவில்லை. 1948இல் தோன்றிய 'எஃப்' வரிசை வண்டிகளும், 1953 முதல் 'எஃப்-100' என்று பெயர் பெற்றவையும், பட்டை விற்களை நீளவாக்கில் கொண்டிருந்தனவே தவிர, அச்சு பழைய ஒற்றைத் தண்டாகவே 1964 வரை நீடித்தது. உழவர்க்கும் கடைக்காரர்க்கும் உரிய வண்டிக்குச் சொகுசு எதற்கு என்று எண்ணினர் போலும்!

இனி, அச்சில் கைவைத்தவர் யார் எனக் காண்போம். 1930களில் தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் தம் பழைய ஃபோர்டு வண்டிகளை ஓட்டி விரைவு அளந்தனர். 1937இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பிய பின் இப்பழக்கம் பெருகி, 1948இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே இதழ் ஒன்றும் வெளிவரலாயிற்று. கையில் பணம் குறைவு. உடைசல் வண்டிக் கிடங்கில் உறுப்புகள் மிகுதி. ஆகவே, முன்னச்சைப் பழுக்கக் காய்ச்சி, அதன் இரு முனைகளும் மேலெழும்படி வளைத்து, வண்டியின் மூக்கைத் தாழ்த்தினர். 1939இல் ஃபோர்டு வண்டிகள் பெற்ற எண்ணெய் அழுத்தப் பிரேக்குகளைக் கழற்றி, கம்பியாலும் நெம்புகோலாலும் இயங்கிய பிரேக்குகள் இருந்த முந்திய வண்டிகளில் பூட்டினர். பிறிதொரு வண்டியின் உறுப்பைத் தம் வண்டிக்கு உரியதாக்கிக்கொள்வது பிற்காலத்தார் புகுத்திய கலப்படம் அன்று. இக்கலையின் பிறப்பே அதில்தான் என்பதை மறத்தல் ஆகாது.

ஆயினும், ஒற்றைத் தண்டின் குறை தண்டை வளைப்பதால் நீங்குவதன்று. இடச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால், அதே தண்டில் பூட்டிய வலச் சக்கரமும் சாய்கிறது. சக்கரம் திரும்புவதற்குரிய முளை தேய்ந்துவிட்டாலோ, ஒரு குறிப்பிட்ட விரைவில் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிகொண்டவைபோல் உதறத் தொடங்கும். உருளை வடிவ பிரேக்குகள் சூடேறினால் பிடிப்புத் தளரும். மண் சாலையில் மெல்லச் செல்லும் வண்டிக்கு இவை பொறுக்கத்தக்கவை. ஆனால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடெங்கும் அகன்ற நெடுஞ்சாலைகள் விரிந்தன. பழைய பிக்கப்பின் மூக்குக்குள் புதிய எட்டு உருளைப் பொறிகளும் குடியேறின. விரைவு வளர்ந்தது, அவ்விரைவை அடக்கி ஆளும் முன்புறம் வளரவில்லை. ஓட்டுபவரின் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் அந்த இடைவெளியில் ஊசலாடின.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1974ஆம் ஆண்டு மாடலாக வந்து 1978இல் நின்றுபோன 'மஸ்டாங் டூ' என்னும் சிறு கார், விரைவு விரும்பிகளின் ஏளனத்துக்கு ஆளானது. ஆயின் அதன் முன்புறம் சிறியது; சக்கர இடைவெளி குறுகியது; மேலும் கீழும் கைகளும் நடுவே சுருள் வில்லும் உடையது; தட்டு பிரேக்கும், பல்தண்டின்மேல் பல்சக்கரம் உருளும் ஸ்டியரிங்கும் வாய்ந்தது. பழைய பிக்கப்பின் இரு சட்டங்களுக்கு இடையே அது அளவாக அடங்கிற்று. கிடங்குகளில் அவ்வகைக் கார்கள் அருகிய பின், அதே அமைப்பைப் புதிதாகச் செய்து விற்கும் பட்டறைகள் எழுந்தன. ஏளனம் பெற்ற கார் மறைந்தது. அதன் முன்கால்கள் மட்டும் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு அடியில் இன்றும் நடக்கின்றன.

இப்பணி கண்ணுக்கு எளிது, கைக்கு எளிதன்று. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பழைய சக்கரத்தின் நடுப்புள்ளி சட்டத்தில் எங்கு விழுகிறதெனக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறி தவறினால், மட்கார்டின் வளைவுக்குள் சக்கரம் ஒருபுறம் ஒதுங்கி நின்று வண்டியையே ஊனமாக்கிக் காட்டும். பழைய அடிச்சட்டம், கிடத்தி வைத்த 'ப' எழுத்தைப்போல் ஒருபக்கம் வாய் திறந்தது. புதிய குறுக்குச் சட்டத்தைப் பற்றவைக்குமுன் அத்திறந்த வாயை இரும்புத் தகட்டால் அடைத்து வலுவேற்றுதல் வேண்டும். ஸ்டியரிங்கின் இணைப்புத் தண்டும் கீழ்க்கையும் ஏறத்தாழ ஒரே வட்டத்தில் அசையாவிடில், பள்ளம் மேடு தோறும் ஓட்டுபவர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். மஸ்டாங்கின் ஒடுங்கிய கீழ்க்கைக்கு ஒரு நீண்ட தண்டு முட்டுக் கொடுத்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது எழும் விசையைத் தாங்குவது அதுவே. கையை அகலமாக்காமல் அம்முட்டை மட்டும் நீக்கிவிடுவோர், பழைய ஆபத்தை விலக்கிப் புதிய ஆபத்தை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

1990களில் பழைய முறைக்கே திரும்புவோர் ஓர் அணியாகத் திரண்டனர். ஒற்றைத் தண்டின்றி ஹாட் ராட் இல்லை என்பது அவர்தம் கொள்கை. மட்கார்டு இன்றித் திறந்து நிற்கும் 1932ஆம் ஆண்டு ஃபோர்டைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. அங்கே முன்னச்சு வண்டியின் முகத்தில் ஒரு பகுதி. அதை மாற்றினால் முகம் மாறும். அவர்களுள்ளும் பலர் தண்டைப் பழையதாக வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் புதிதாக்கினர். எஃப்-100 போன்ற பிக்கப்பின் அச்சையோ பருத்த மட்கார்டுகள் மறைத்துவிடுகின்றன. காண்போர் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாத அந்த வண்டிகளிலேயே மாற்றம் மிகுதியாக நிகழ்ந்ததில் வியப்பில்லை. 2003 முதல் 2011 வரை வந்த 'கிரவுன் விக்டோரியா' கார்களின் முன்புறத்தை இப்போது பலர் நாடுகின்றனர். காவல்துறையிலும் வாடகைக்கும் உழைத்து ஓய்ந்த கார்கள் அவை. அதன் அகலம் அறுபது, எழுபதுகளின் பெரிய பிக்கப்புகளுக்குப் பொருந்துகிறது. ஐம்பதுகளின் ஒடுங்கிய வண்டியில் பூட்டினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு இன்னும் அந்த மஸ்டாங் அமைப்பே துணை.